இளைத்த உடம்பும் இளைப்பாறாத மனமும்

ஒருவரை வழியில் கண்டால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பாடு ஆயிற்றா?" என்பது. இரண்டாவது கேள்வி, "என்ன, இப்படி இளைத்துப் போய்விட்டீர்களே?" என்பது. முன்னதற்கு "ஆயிற்று" என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளலாம். பின்னதற்கு விடை சொல்வது அவ்வளவு சுலபமன்று. இரண்டும் அன்பிலிருந்து பிறக்கும் கேள்விகளே, ஐயமில்லை. ஆயினும், இவ்விரண்டையும் கேட்கும்போதெல்லாம் மனம் குன்றிப் போகிற ஒரு கூட்டத்தார் நம்மிடையே பெருகி வருகிறார்கள். உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டவர்களையே சொல்லுகிறோம்.

"அதெல்லாம் பட்டணத்துப் பணக்காரர் சமாசாரம், நம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இதில் என்ன?" என்று சில நேயர்கள் நினைக்கலாம். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேரும், 100 ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். பட்டணத்தில் மட்டும் இத்தனை பேரை அடைத்துவிட முடியாது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற பூமியிலும், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற பாதையிலும், ஏர் போய் டிராக்டர் வந்தது. சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. கம்பங்கூழ் போய்ப் புரோட்டா வந்தது. வயிறு மட்டும் பழைய கணக்கையே வைத்துக்கொண்டிருக்குமா?

இந்தச் சிகிச்சை புதியதன்று. குடற்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை நீக்கியவர்கள் இளைத்துப் போவதைக் கவனித்த எட்வர்ட் மேசன் என்னும் வைத்தியர், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1966-இல் இதைப் பருத்த உடம்புக்குப் பரிகாரமாகச் செய்து பார்த்தார். இப்போது பெருவழக்கில் இருப்பவை இரண்டு முறைகள். ஒன்றில், இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக விடுகிறார்கள். மற்றொன்றில், இரைப்பையின் உச்சியில் இரண்டு மேசைக்கரண்டி அளவுக்கு ஒரு சிறு பையை மட்டும் ஒதுக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைத்துவிடுகிறார்கள். நம் தேசத்தில் 2011-இல் நிதின் கட்கரியும், 2014-இல் அருண் ஜெயிட்லியும் எடை குறைக்கும் சிகிச்சை செய்துகொண்ட செய்தி பத்திரிகைகளில் வந்த பிறகு, பலரும் இதைப் பற்றி வாய்விட்டுப் பேசத் தொடங்கினார்கள். 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் இச்சிகிச்சைக்காகச் சென்னை சென்று உயிரிழந்தபோது, பேச்சு மறுபடியும் அச்சமாக மாறியது. அனுபவமுள்ள ஆஸ்பத்திரிகளில் உயிர்ச்சேதம் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலேதான் இருக்கிறது. அந்த ஒன்று யாருடைய வீட்டுப் பிள்ளை என்பதுதான் பெற்றோரின் கவலை. அதைத் தவறென்று சொல்ல யாரால் முடியும்?

யாருக்கு இது தகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தை உயரத்தால் பெருக்கி, அதனால் எடையை வகுக்க வேண்டும். 160 செண்டிமீட்டர் உயரமுள்ள ஸ்திரீ 96 கிலோ இருந்தால் விடை 37.5. ஆசிய மக்களுக்கு விடை 27.5-க்கு மேலிருந்தாலே இச்சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்று 2022-இல் சர்வதேச சஸ்திர வைத்திய சங்கங்கள் வரம்பைத் தளர்த்தின. யோசிக்கலாம் என்பதற்கும் செய்தே தீரவேண்டும் என்பதற்கும் வெகு தூரம். கலியாணத்துக்கு முன் பெண்ணை மெலியச் செய்வதற்கான அலங்காரச் சாதனம் அன்று இது. அப்படி நினைத்து ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் தாய் தந்தையரை வைத்தியர் திருப்பி அனுப்பினால், அவர் நல்ல வைத்தியர்.

சிகிச்சையின் பலனை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஸ்வீடன் தேசத்தில் 1987-இல் தொடங்கி 4,000-க்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரணம், செய்துகொள்ளாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழக் கால் பங்கு குறைவு என்று 2007-இல் வெளியிட்டார்கள். நீரிழிவு தணிகிறது, முழங்கால் நோவு குறைகிறது, இரவில் மூச்சுத் திணறாமல் உறக்கம் வருகிறது. முதல் வருஷத்தில் மனச்சோர்வுங்கூடப் பெரும்பாலோருக்குக் குறைகிறது. இவ்வளவும் உண்மை. ஆனால் வைத்தியர் கத்தி வைத்தது இரைப்பையில், மனத்தில் அன்று. அந்த மனம் படும் பாட்டைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் புகுந்தோம்.

ஜெயங்கொண்டத்துக்கு அருகே ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். முந்திரிக்காடு கொஞ்சம், உத்தியோகம் ஒன்று, நாற்பது வயதுக் குடும்பத் தலைவி. திருச்சியிலோ சென்னையிலோ சிகிச்சை முடித்து வீட்டுக்கு வருகிறார். முதல் இரண்டு வாரம் வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், மோர், பருப்புத் தண்ணீர். அடுத்த இரண்டு வாரம் மசித்த ஆகாரம். பிறகு குழைந்த சாதம். ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகே சாதாரணச் சமையல். அதுவும் ஒரு சிறு கிண்ணத்தில். ஒவ்வொரு வாயையும் நிதானமாக மென்று, அரை மணி நேரம் உட்கார்ந்து உண்ண வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. இவையெல்லாம் ஆஸ்பத்திரியில் அச்சிட்டுக் கொடுத்த தாளில் இருக்கின்றன. தாளில் இல்லாதது ஒன்று: இந்த அம்மாள்தான் வீட்டில் மற்ற ஐந்து பேருக்கும் சமைக்க வேண்டியவர். தாளிக்கும் வாசனை மூக்கில் ஏற, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தாம் உண்ண முடியாததைப் பிறருக்குப் பரிமாற வேண்டும்.

பலருக்கு இந்த முதல் ஆறு வாரங்களில் ஒரு துக்கம் வருகிறது. "எதற்காக இதைச் செய்துகொண்டோம்?" என்று நள்ளிரவில் அழுகை வருகிறது. உறவினர் இதைக் கேட்டால், "இவ்வளவு செலவு செய்தும் திருப்தியில்லையே!" என்று அங்கலாய்ப்பார்கள். உண்மையில் இது ஒரு சாவுத் துக்கத்தைப் போன்றதே. சோறு நமக்கு வெறும் ஆகாரமா? கோபம் வந்தால் சாப்பிட மறுக்கிறோம், சமாதானமானால் சாப்பிடுகிறோம், இழவு வீட்டில் துக்கம் ஆற்றுவதும் சோறே, சீமந்தத்தில் சந்தோஷத்தைச் சொல்வதும் சோறே. தனிமையிலும் வருத்தத்திலும் ஒரு தட்டு முறுக்கைத் துணையாக வைத்துக்கொண்டு இருபது வருஷம் கழித்தவருக்கு, அந்தத் துணை ஒரே நாளில் பறிபோயிற்று. வருத்தம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இனி அதற்கு வேறு துணை வேண்டும். மாலையில் அரை மணி நேரம் ஏரிக்கரையில் நடக்கத் துணைக்கு வரும் ஒரு சிநேகிதி, கை வேலை, பாட்டு, வாய்விட்டுப் பேச ஓர் ஆள், எதுவாகவும் இருக்கலாம். ஆனால் சிகிச்சைக்கு முன்பே தேடி வைத்துக்கொள்வது உசிதம்.

பசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரைப்பையின் மேற்பகுதியில் சுரந்து மூளைக்குப் பசியை அறிவிக்கும் கிரெலின் என்ற சுரப்பை 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். குழாய்போல வெட்டும் முறையில் அந்தப் பகுதியே போய்விடுவதால், பலருக்குச் சில மாதங்கள் பசியே தெரிவதில்லை. பசியில்லாத சுகம் என்று நினைக்க வேண்டாம். "எனக்கு எதிலுமே ருசியில்லை" என்று சொல்லுகிறவர் நாக்கைப் பற்றிச் சொல்லுகிறாரா, வாழ்வைப் பற்றிச் சொல்லுகிறாரா என்று வீட்டார் கவனித்துக் கேட்க வேண்டும்.

மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிரும். திரும்ப முளைக்கும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எடை குறைந்த சந்தோஷத்தைச் சீப்பில் சுற்றி வரும் மயிர் பறித்துக்கொண்டு போகிறதே! அத்துடன் தொங்கும் தோல், ஒடுங்கிய கன்னம். இந்தச் சமயத்தில் தான் தெருவில், "என்ன அண்ணி, உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா? சர்க்கரையா, வேறெதுவுமா?" என்ற விசாரணை. நம் பக்கத்தில் மெலிவு என்றால் நோய் அல்லது வறுமை. சதைப்பிடிப்பு என்றால் செல்வம், சௌக்கியம். தலைமுறை தலைமுறையாகப் பஞ்சத்தைக் கண்ட மக்களின் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். சிகிச்சையை ரகசியமாக வைத்துக்கொண்டவர்கள் பாடு இன்னும் சங்கடம். ஒவ்வொரு விசேஷத்திலும் ஒரு புதுப் பொய் சொல்ல வேண்டும். எல்லாரிடமும் பறை சாற்ற வேண்டியதில்லை. ஆனால், "வைத்தியர் யோசனைப்படி எடையைக் குறைத்திருக்கிறேன், நன்றாக இருக்கிறேன்" என்ற ஒரே வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் கேட்பவர்களிடம் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடலாம். மழையைப் பற்றிப் பேச விரும்பாத விவசாயி இந்த இரண்டு ஜில்லாக்களிலும் இல்லை.

விருந்தில் இன்னொரு கஷ்டம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதியில் மாவிளக்குப் போட்டு வந்த சித்தி, "அம்மன் பிரசாதம், ஒரு விள்ளலாவது வாயில் போட்டுக்கொள்" என்கிறார். சிறுகுடலோடு இணைக்கும் சிகிச்சை செய்துகொண்டவருக்கு, வெல்லமும் மாவும் குடலுக்குள் திடுமென்று இறங்கினால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிற்றைப் புரட்டும், மயக்கம் வரும். மறுத்தாலோ சித்தியின் முகம் வாடிவிடும். கண்ணில் ஒற்றிக்கொண்டு குழந்தை கையில் கொடுத்துவிடுவதில் பிரசாதத்துக்கு யாதொரு குறைவும் நேராது என்பது நம் அபிப்பிராயம்.

இனி நாம் மிக அவசரமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறோம். நேயர்கள் இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். சிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்களில் ஓயாமல் வாந்தி எடுக்கிறவருக்கு, பி1 என்னும் தயமின் சத்து சில வாரங்களிலேயே வறண்டுபோகக் கூடும். அப்போது பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், நாள், கிழமை, இடம் எதுவும் நினைவிராது. வீட்டார் இதை மனக்கோளாறு என்பார்கள். சிலர் காற்றுக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள். இன்னும் சிலர், பலவீனந்தானே என்று பக்கத்துத் தெருவில் "ஒரு பாட்டில் குளுகோஸ்" ஏற்றச் சொல்லுவார்கள். இந்தக் கடைசிக் காரியம் மிகவும் அபாயம். தயமின் கொடுக்காமல் குளுகோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி, மூளைக்கு மீளாத சேதம் வரலாம். ஆகவே பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோய், முதல் வார்த்தையாக, "இவருக்கு எடை குறைக்கும் சஸ்திர சிகிச்சை நடந்திருக்கிறது, வாந்தி நிற்கவில்லை" என்று சொல்ல வேண்டும். கோயிலுக்குப் பிறகு போகலாம், தெய்வம் கோபிக்காது. இதுபோலவே பி12, இரும்பு முதலிய சத்துகள் குறைவதாலும் நாளடைவில் சோர்வும் எரிச்சலும் மறதியும் வரும். கோபக்காரியாகிவிட்டாள் என்று மருமகளைப் பழிப்பதற்கு முன் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நியாயம். சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதற்கும் உரியவை. எடை குறைந்ததும் நிறுத்தத் தக்கவை அல்ல.

மனநோய்க்கு ஏற்கெனவே மாத்திரை உண்பவர்கள், குடல்வழி மாறியதால் அது முன்போல் சரீரத்தில் ஏறாமல் போகக் கூடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தாமாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய் நிலைமையைச் சொல்ல வேண்டும்.

முதல் வருஷம் எப்படியோ போய்விடுகிறது. பழைய ரவிக்கைகள் தொளதொளக்கின்றன; புகைப்படம் எடுக்கச் சம்மதம் பிறக்கிறது; எல்லாரும் பாராட்டுகிறார்கள். கஷ்டம் இரண்டாவது வருஷத்தில் வருகிறது. எடை இறங்குவது ஒன்றரை வருஷத்தில் நின்றுவிடும். பிறகு சில கிலோ ஏறுவதும் இயல்பு. பாராட்டுகளும் நின்றுவிடும். உடம்பு பருத்ததனால்தான் கணவர் முகம் கொடுத்துப் பேசவில்லை, உத்தியோகத்தில் உயர்வு வரவில்லை என்று நம்பியிருந்தவர், உடம்பு இளைத்த பிறகும் அவை அப்படியே இருப்பதைக் காண்கிறார். முன்பு சாக்குச் சொல்ல உடம்பாவது இருந்தது! கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் சிகிச்சை செய்துகொண்ட 8,800-க்கு மேற்பட்டவர்களைச் சிகிச்சைக்கு முன் மூன்று வருஷமும் பின் மூன்று வருஷமும் கணக்கெடுத்து 2016-இல் வெளியிட்டார்கள். தம் உயிருக்குத் தாமே ஊறு தேடி ஆஸ்பத்திரிக்கு வந்த சம்பவங்கள், சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் வருஷங்களில் நேர்ந்தவை. நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் நிகழ்ந்தவைதாம். பெரும்பாலோருக்கு அப்படி ஒன்றும் நேர்வதில்லை. ஆனாலும் எந்த வருஷத்தில் வீட்டார் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று கவனிப்பை விடுகிறார்களோ, அந்த வருஷத்தில்தான் கவனிப்பு வேண்டியிருக்கிறது.

ஆண்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. முன்பு மூன்று கோப்பை குடித்தால் ஏறிய போதை, குடல்வழி மாற்றியவருக்கு ஒரு கோப்பையில் ஏறும். வேகமாக ஏறி வெகு நேரம் நிற்கும். அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டபோது, குடியினால் வரும் தொல்லை முதல் வருஷத்தில் அதிகரிக்காமல் இரண்டாவது வருஷத்தில் அதிகரித்ததைக் கண்டார்கள். சோற்றில் தேடிய ஆறுதலைச் சிலர் பாட்டிலில் தேடப் போகிறார்கள் என்று இதைப் பொருள் கொள்வோர் உண்டு. மதுக்கடைப் பலகையைக் காணாமல் ஊர் எல்லையைத் தாண்ட முடியாத நம் நிலைமையில், இது வெறும் அந்நிய தேசத்துப் புள்ளிவிவரமன்று.

தம்பதிகளைப் பற்றியும் மரியாதையுடன் சிறிது சொல்ல வேண்டும். ஸ்வீடனில் 2018-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, சிகிச்சைக்குப் பின் தனியாயிருந்தவர்கள் துணை தேடிக்கொள்வதும் அதிகம், தம்பதிகள் பிரிவதும் அதிகம் என்று தெரிவித்தது. நம் ஊரில் விவாகரத்து அவ்வளவு சுலபமில்லை. ஆகையால் பிளவு வெளியே தெரியாமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். மனைவி மெலிந்து, நல்ல புடவை உடுத்தி, தனியே பஸ் ஏறிப் போகத் தொடங்கியதும் சந்தேகப்படுகிற கணவன்மார் உண்டு. பருத்திருந்தபோது பரிகாசம் செய்தவரும் அவரே என்றால், அந்த அம்மாளின் மனம் என்ன பாடுபடும்? சிகிச்சைக்கு முன் வைத்தியரைப் பார்க்கப் போகும்போது கணவரும் உடன் சென்று, வரப்போகும் மாறுதல்களைக் கேட்டறிந்துகொள்வது நலம். மேலும், சிகிச்சைக்குப் பின் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரையில் கர்ப்பம் கூடாது. எடை குறைந்ததும் கருத்தரிக்கும் சக்தி அதிகமாகும். குடல்வழி மாற்றியவர்களுக்கு வாயால் உண்ணும் கருத்தடை மாத்திரையையும் நம்ப முடியாது. "உடம்புதான் இளைத்தாயிற்றே, இன்னும் என்ன?" என்று மாமியார் அவசரப்படுத்தினால், காரணத்தை எடுத்துச் சொல்ல வேண்டியது மகனின் கடமை, மருமகளின் தலையில் அதையும் சுமத்தக் கூடாது.

உதவி எங்கே கிடைக்கும்? அரசாங்கத்தின் மாவட்ட மனநலத் திட்டம் இரண்டு ஜில்லாக்களிலும் உண்டு. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணமில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருவர் வாயில் வந்தால், அதை வெறும் பேச்சென்று ஒதுக்காமல், அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே இந்த எண்ணுக்குப் பேசுவதோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதோ செய்ய வேண்டும்.

சஸ்திர சிகிச்சை செய்த ஆஸ்பத்திரி தொலைவில் இருப்பதால், ஆறு மாதத்துக்கு மேல் பலர் அங்கே திரும்பிப் போவதேயில்லை. பஸ் செலவும் ஒரு நாள் வேலைக் கேடும் யோசனைக்குரியவையே. அதற்கு ஒரு வழி சொல்லலாம். வேண்டிய ரத்தப் பரிசோதனைகளின் ஜாபிதாவை முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அவற்றை உள்ளூரிலேயே செய்து, முடிவுகளைச் செல்போனில் வைத்தியருக்கு அனுப்பிவிடலாம். வருஷத்துக்கு ஒரு முறை நேரில் போகலாம். பரிசோதனைத் தாள்களோடு, என்ன சிகிச்சை, எந்த மாதம், எந்த ஆஸ்பத்திரி என்று மூன்று வரி எழுதிய சீட்டு ஒன்றும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். அதன் பிரதி ஒன்று அந்த அம்மாளின் கைப்பையிலும் இருக்கட்டும்.